சாவி லைனும் பேட்டரி லைனும்

டேஷ்கேமுக்கு வேண்டியது 5 வோல்ட். காரில் இருப்பது 12 வோல்ட். சிகரெட் லைட்டர் என்று இன்றும் அழைக்கப்படும் அந்தத் துளையும், அதில் செருகும் சார்ஜரும்தான் இரண்டுக்கும் வழக்கமான இணைப்பு. கேமராவோடு பெட்டியில் வரும் வயரை அதில் செருகினால் போதும். சாவியைத் திருப்பினால் கேமரா ஓடும், பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்தால் நின்றுவிடும். நிறைய பேருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் வயர் டேஷ்போர்டின் குறுக்கே தொங்கும். அந்த ஒரே துளைக்குச் செல்போன் சார்ஜரும் போட்டிக்கு வரும். கியர் போடும் கை பட்டுச் சார்ஜர் கொஞ்சம் நழுவினால், கேமரா அணைந்தது தெரியாமலே மயிலாப்பூரிலிருந்து அடையாறு போய்த் திரும்பிவிடலாம்.

இன்னொரு குறை, நிறுத்தி வைத்த காரில் கேமரா தூங்கிவிடும். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் நின்ற ஒரு சின்ன பெட்ரோல் காரில் வேறு இணைப்பு தேட இந்தக் குறைதான் காரணமாக அமைந்தது. ஆறு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம் அது. கார் நிறுத்த மூன்றே இடங்கள். நான்காவதாகக் கார் வாங்கியவர் தெருவில் நிறுத்தினார். 2022 செப்டம்பரில் ஒரு காலை, பின் பம்பர் ஒரு பக்கம் கழன்று தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடித்தது யார் என்று பால்காரருக்கும் தெரியவில்லை, எதிர்வீட்டு வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. ராத்திரியும் விழித்திருக்கும் கேமரா வேண்டும் என்று உரிமையாளர் முடிவு செய்தது அன்றுதான்.

ராத்திரியும் விழித்திருக்க வேண்டுமானால் கேமராவுக்கான மின்சாரத்தைக் காரின் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும். இதற்கென்று விற்பதுதான் ஹார்டுவயர் கிட்: தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு பக்கம் கேமராவுக்குப் போகும் நீளமான வயர், மறுபக்கம் மூன்று வயர்கள். பெட்டி 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. மூன்று வயர்களில் ஒன்று எப்போதும் மின்சாரம் இருக்கும் லைனுக்கு, அதாவது பேட்டரி லைனுக்கு. இரண்டாவது, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் லைனுக்கு. மூன்றாவது எர்த். கேமராவுக்குச் சாப்பாடு போடுவது பேட்டரி லைன். சாவி லைன் வெறும் தகவல் சொல்கிறது. அதில் மின்சாரம் இருந்தால் வண்டி ஓடுகிறது, முழுப் பதிவு. போய்விட்டால் வண்டி நின்றுவிட்டது, ராத்திரிக் காவல். நிறத்தை நம்பக் கூடாது. ஒரு கம்பெனியின் கிட்டில் சிவப்பு பேட்டரி லைனாக இருக்கும், இன்னொன்றில் மஞ்சள். வயரின் நுனியில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் முதலில் கேட்டுப் பார்க்கப்பட்டது. "லைட்டருக்குப் பின்னாடி போற வயரைச் சீவி இதைச் சுத்தி டேப் அடிச்சிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார். அவர் சொன்னபடி செய்தால் கேமரா ஓடும்தான். ஆனால் சீவி முறுக்கிய இணைப்பு, வண்டியின் அதிர்விலும் மே மாத வெயிலிலும் டேப்பின் பசை இளகி ஒரு நாள் பிரியும். பிரிந்த செம்பு இரும்பைத் தொட்டால் ஃபியூஸ் போகும். ஃபியூஸுக்கு முந்தைய இடத்திலிருந்து யாராவது லைன் எடுத்திருந்தால், போவது ஃபியூஸாக இருக்காது, வயராக இருக்கும். வேலையைத் தானே செய்துகொள்வது என்று உரிமையாளர் தீர்மானித்தது காசுக்காக அல்ல. எந்த வயரும் அறுபடக் கூடாது என்பதற்காக.

வயரை அறுக்காமல் லைன் எடுக்க உதவுவது ஃபியூஸ் டேப். ஃபியூஸ் இருக்கும் இடத்திலேயே இது செருகிக்கொள்ளும். இதன் முதுகில் இரண்டு ஃபியூஸ்களுக்கு இடம் இருக்கும். பழைய ஃபியூஸ் ஒன்றில், புதிய லைனுக்கான ஃபியூஸ் மற்றொன்றில். விலை அதிகமில்லை, அளவுதான் தொல்லை. தட்டை ஃபியூஸ்களில் சாதாரணம், மினி, குள்ள மினி என்று வகைகள் உண்டு. மினிக்கும் குள்ள மினிக்கும் அகலம் ஒன்று, உயரம் வேறு. கையில் மாதிரி எதுவும் இல்லாமல் ஜி.பி. ரோடு என்று சென்னை சுருக்கிக்கொண்ட ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் மினி டேப் இரண்டு வாங்கி வந்தார் உரிமையாளர். அவை உள்ளே போயின, பிடிக்கவில்லை. விரலால் தட்டினால் ஆடின. மறுநாள் காரின் ஃபியூஸ் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனதும், கடைக்காரர் அதைப் பார்த்த மாத்திரத்தில் சரியானதை எடுத்துக் கொடுத்தார். மல்டிமீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தது. இந்த வேலைக்கு விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை.

எந்த ஃபியூஸிலிருந்து எடுப்பது என்பதுதான் இந்த வேலையின் மூளை. பல இந்தியக் கார்களில் ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் இருக்கும். அதன் மூடியின் உள்பக்கம் எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சாகியிருக்கும். மேற்படி காரில் அதைப் படிக்க, வீட்டில் பாம்புப் பஞ்சாங்கம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், எஞ்சின் கட்டுப்பாடு, பெட்ரோல் பம்ப் ஆகியவற்றின் ஃபியூஸ்கள் பக்கமே போகக் கூடாது. இது எச்சரிக்கைக்காகச் சொல்வது மட்டுமல்ல. கேமரா செய்யும் கோளாறு பிரேக்குக்குப் போகக் கூடாது என்ற எளிய கணக்கு. உள்விளக்கு, ரேடியோ, லைட்டர் போன்றவை கெட்டாலும் வண்டி வீடு வந்து சேரும். பேட்டரி லைனுக்கு உள்விளக்கின் ஃபியூஸும், சாவி லைனுக்கு லைட்டரின் ஃபியூஸும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

படம் சொல்வதை மீட்டரால் சரிபார்க்க வேண்டும். தட்டை ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும்; அவை சோதனைக்கென்றே விடப்பட்டவை. மீட்டரின் கறுப்பு முனையைக் கதவுக் கீலின் போல்ட்டில் வைத்துச் சிவப்பு முனையை அந்தப் புள்ளியில் தொட்டால், சாவி இல்லாமலே 12.5 என்று காட்டுவது பேட்டரி லைன். சாவி போட்ட பிறகே எண் வருவது சாவி லைன். இதில் ஒரு கண்ணி உண்டு. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சில நிமிடங்கள் சில லைன்கள் உயிரோடு இருக்கும். ஆகவே கதவைப் பூட்டிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி அளப்பது நல்லது.

அடுத்தது, டேப்பை எந்தப் பக்கமாகச் செருகுவது. ஃபியூஸின் இரண்டு கால்களில் ஒன்று மின்சாரம் வரும் பக்கம், மற்றது போகும் பக்கம். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இரண்டு துளைகளையும் தனித்தனியே அளந்தால் வரும் பக்கம் தெரிந்துவிடும். டேப்பில் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிச் செருகினாலும் கேமரா ஓடும். அதனால்தான் இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. ஆனால் அப்போது கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸின் வழியாகத்தான் போகும். அது போனால் இரண்டும் சேர்ந்து போகும். மேற்படி காரில் முதல் தடவை திருப்பித்தான் செருகப்பட்டது. உள்விளக்கின் ஃபியூஸை எடுத்தபோது கேமராவும் அணைந்ததால் பிடிபட்டது.

கேமராவுக்கான ஃபியூஸ் 2 அல்லது 3 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. ஃபியூஸ் காப்பது கேமராவை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. கிட்டின் வயர் மெலிது. 15 ஆம்பியர் நீல ஃபியூஸைப் போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் வயர் சூடாகி உருகும்.

இத்தனையும் தெரிந்த பிறகு வேலை நாலு மணி நேரம் எடுத்தது. அதில் மூன்று மணி நேரம் வயரை ஒளிப்பதற்குப் போனது. பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றிவிட வேண்டும். கேமராவின் இடம், உள்கண்ணாடிக்குப் பின்னால் இடதுபுறம்: ஓட்டுபவர் பார்வையை மறைக்காது, மழையில் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள்ளும் இருக்கும். அங்கிருந்து கூரைத் துணியின் விளிம்புக்குள் வயரைத் தள்ளிக்கொண்டே வலப்பக்கம் வர, காலாவதியான ஏ.டி.எம். கார்டைவிட நல்ல கருவி இல்லை. பிறகு கண்ணாடியோரத் தூண். தூணின் மூடியில் ஏர்பேக் என்று பொறித்திருந்தால், உள்ளே மடித்து வைத்த திரை ஏர்பேக் இருக்கிறது. வயர் அதன் பின்னால் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால் ஏர்பேக் விரியும்போது தடுக்கும், அல்லது வயரையும் கிளிப்பையும் முகத்தில் வீசும். இந்தக் காரில் முன்பக்க ஏர்பேக்குகள் மட்டும்தான். கதவு பீடிங்கைக் கொஞ்சம் விலக்கி அதன் அடியிலேயே வயர் இறக்கப்பட்டது. மிச்ச வயரைச் சுருட்டி, கறுப்புப் பெட்டியோடு சேர்த்து மேலே இறுக்கிக் கட்டாமல் விட்டால், அது ஒரு நாள் கீழே இறங்கி பிரேக் மிதிக்கும் காலில் சிக்கும்.

எர்த்துக்கு, கதவோரம் கால் வைக்கும் இடத்துக்கு மேலே, உடலோடு சேர்ந்த 10 நம்பர் போல்ட் ஒன்று கிடைத்தது. வயரின் வளையத் தலையைப் பெயிண்டின் மேல் வைத்து முடுக்கினால் எர்த் கிடைக்காது. பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளத்த பிறகே முடுக்க வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் கேமரா ஒரு மணி அடித்தது. தெருவில் நின்று வேடிக்கை பார்த்த எதிர்வீட்டுப் பெரியவர், "இவ்ளோ வயரும் எங்கப்பா போச்சு?" என்று கேட்டார். அந்த மூன்று மணி நேரத்துக்கு அது போதுமான கூலி.

தீபாவளி அந்த ஆண்டு அக்டோபர் 24. டேஷ்கேமுக்குள் அதிர்வை உணரும் சென்சார் ஒன்று உண்டு. இடி பட்டால் அந்த நேரத்துக் கோப்பை அழியாமல் பூட்டி வைக்கும். சந்தில் விடிய விடிய வெடித்த ஒவ்வொரு அணுகுண்டையும் அது இடி என்றே எடுத்துக்கொண்டது. காலையில் மெமரி கார்டு முழுக்கப் பூட்டிய கோப்புகள். புதிதாகப் பதிய இடமில்லை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய லஸ் பக்கத்துச் சாலைகளின் பள்ளங்களும் அதையேதான் செய்தன. சென்சாரின் உணர்திறனைக் கடைசிப் படிக்கு இறக்குவது சென்னைக்கு ஏற்ற அமைப்பு.

எஃப்.எம். ரேடியோவில் புதிதாக ஒரு கரகரப்பும் வந்தது. 101.4 ரெயின்போ கேமரா ஓடும்போது இரைந்தது, நிறுத்தினால் தெளிந்தது. வோல்ட்டைக் குறைக்கும் மலிவான சர்க்யூட்டுகள் வானொலி அலையிலும் கை வைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் ஃபெரைட் உருளை ஒன்றை வயரில் மாட்டியதும் பெருமளவு அடங்கியது.

பெரிய பாடம் டிசம்பரில் வந்தது. மார்கழி சீசனில் மயிலாப்பூர்க்காரர்கள் காரை எடுப்பது அபூர்வம். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமி பக்கம் கார் நிறுத்த இடம் கிடைப்பது, கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பதைவிடக் கஷ்டம்; சபாவுக்கு நடந்தே போய்வந்தார்கள். கார் தொடர்ந்து நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் விடியற்காலை, பாண்டியன் எக்ஸ்பிரஸில் வரும் அக்காவை அழைத்துவர எழும்பூர் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக். அப்புறம் அதுவும் இல்லை.

கணக்கு முன்பே போட்டிருக்க வேண்டியது. இரவு பகலாகப் பதியும் கேமரா ஏறத்தாழ 3.5 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது 0.3 ஆம்பியர். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி. சின்ன பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்பது புதிதாக இருக்கும்போது. நாலு வயதானதில் அது இருக்காது. மூன்று நாளில் 21 போனால் ஸ்டார்ட்டருக்கு மிச்சமில்லை.

கிட் கெட்டுப்போகவும் இல்லை. பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேமராவை அது துண்டித்துவிடும், துண்டித்தும் இருந்தது. தப்பு, அந்த எல்லை 11.8 வோல்ட்டில் இருந்ததுதான். ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஏறக்குறைய காலி. 11.8-இல் துண்டிப்பது, வீட்டில் அரிசி தீர்ந்த பிறகு விருந்தாளியை வேண்டாம் என்பது மாதிரி. எல்லையை 12.2 அல்லது 12.4-க்கு உயர்த்துவதற்கான சின்ன ஸ்விட்ச் பல கிட்களில் உண்டு. இதிலும் இருந்தது, யாரும் தொடவில்லை.

மாட வீதிகளில் மார்கழி பஜனை வரும் நேரம் அது. கோஷ்டியில் இருவர் ஜால்ராவைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். இரண்டாம் கியரில் கார் பிடித்துக்கொண்டது. அக்கா எழும்பூரில் இருபது நிமிடம் காத்திருந்தார். ஊர் திரும்பும் வரை அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

எல்லையை 12.4-க்கு உயர்த்திய பிறகு கேமரா பெரும்பாலும் நள்ளிரவுக்குள் அணைந்தது. எந்த நேரத்துக்காக அது வாங்கப்பட்டதோ அந்த நேரத்தில் தூங்கியது. விழித்திருந்த இரவுகளில் கிடைத்த படமும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஜனவரியில் ஒரு வேன் பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிவிட்டுப் போனது. பதிவில் தெரிந்தது இரண்டு வெள்ளை வெளிச்சக் குளங்கள், அவற்றின் நடுவே நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு வெள்ளை. தெருவில் நிற்கும் காருக்கு இரவுக் காவல் என்பது, இந்த விலைக் கேமராக்களில், பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாக்கியம் மட்டுமே. பிப்ரவரியில் பேட்டரி லைனும் சாவி லைனும் ஒரே லைட்டர் ஃபியூஸுக்கு மாற்றப்பட்டன. வண்டி ஓடினால் கேமரா ஓடும், நின்றால் நிற்கும். சிகரெட் லைட்டர் துளை செய்த அதே வேலை. ஆனால் தொங்கும் வயர் இல்லை, கை பட்டு அணைவதும் இல்லை.

பகலில் அது உபயோகப்பட்டது, எதிர்பார்த்த திசையில் இல்லாவிட்டாலும். தி.நகரில் பனகல் பூங்காப் பக்கம் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே இடது பக்கம் திரும்பியபோது ஒரு பைக் வந்து உரசியது. இண்டிகேட்டர் போட்டதாகச் சத்தியம் செய்தார் உரிமையாளர். அங்கேயே செல்போனில் பதிவு ஓட்டிப் பார்க்கப்பட்டது. ஹாரன், பஸ், வானொலி எல்லாம் கேட்டன. இண்டிகேட்டரின் டிக் டிக் மட்டும் கேட்கவில்லை. பைக்காரருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. காருக்குள் பேசுவதையெல்லாம் மைக் பதிகிறது என்பதும் அன்றுதான் உறைத்தது. முந்தைய பத்து நிமிடம் மாமியாரைப் பற்றியது. மைக்கை அணைக்கும் வசதி எல்லா நல்ல கேமராவிலும் உண்டு.

வழக்கு வரை போனால் பதிவை மட்டும் நீட்டினால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது; கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவிலும் சான்றிதழ் உண்டு. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதிப்படுத்தியது. நடைமுறையில் முதல் வேலை, மெமரி கார்டை உடனே கழற்றி வைப்பது. இடம் தீர்ந்ததும் பழையதை அழித்துக்கொண்டே எழுதுவது கேமராவின் சுபாவம். 64 ஜிபி கார்டு சாதாரணப் பதிவில் ஒன்பது மணி நேரம் போலத் தாங்கும்.

2023 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், கேமராவின் முதுகு பிளந்துகொண்டது. உள்ளே இருந்த சின்ன லித்தியம் பேட்டரி தலையணை போல உப்பியிருந்தது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வரை பதிவான ஊர் இது. வெயிலில் மூடி நிறுத்திய காரின் கண்ணாடியோரம் அதைவிட எவ்வளவோ கூடுதல். லித்தியத்துக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் வைத்த கேமராக்கள் இந்தச் சூட்டைத் தாங்கும். அது சேமிப்பது சில விநாடி மின்சாரம்தான், கடைசிக் கோப்பை மூடுவதற்கு மட்டும் போதும். இரண்டாவது கேமரா அந்த வகை. அதே கிட், அதே வயர்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். சந்தில் தேங்கிய தண்ணீர் காரின் தரை விரிப்பு வரை வந்து வடிந்தது. இரண்டு மாதம் கழித்துக் கேமரா காரணமில்லாமல் அணைந்து அணைந்து எரிந்தது. ஃபியூஸ்கள் சரி, வயர் சரி. சுரண்டிய எர்த் போல்ட்டைச் சுற்றித் துரு. மறுபடி சுரண்டி, முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவியதும் சரியானது. சுரண்டிய அன்றே வாசலின் தடவியிருக்க வேண்டும்.

கார் விற்கப்பட்டபோது கேமராவையும் வயரையும் கழற்ற இருபது நிமிடம் ஆனது. ஃபியூஸ் டேப் வெளியே வந்தது, பழைய ஃபியூஸ் தன் இடத்துக்குப் போனது, எந்த வயரிலும் வெட்டு இல்லை. கண்ணாடியில் டபுள் சைட் டேப்பின் பசை மட்டும் ஒரு சதுரமாக நின்றது. தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்ததும் அதுவும் போனது.